நிலத்தடித் தொடர்வண்டிச் சுரங்கங்களில் அண்மைக் கட்டுமானங்களின் தாக்கம்

நிலத்தடித் தொடர்வண்டிச் சுரங்கங்களில் அண்மைக் கட்டுமானங்களின் தாக்கம் என்பது, நகரங்களில் ஏற்கனவே இயங்கிவரும் தொடர்வண்டிச் சுரங்கம் ஒன்றின் பக்கத்திலோ, மேலோ, கீழோ புதிதாக நடைபெறும் நிலத்தடி வேலைகளால் அச்சுரங்கத்தில் ஏற்படும் இடப்பெயர்ச்சி, உருமாற்றம், விரிசல், நீர்க்கசிவு ஆகியவற்றைக் குறிக்கும். கட்டடங்களுக்கான ஆழமான அடித்தளக் குழிகள், பைல் எனப்படும் ஆழ்தூண்கள், புதிய சுரங்கங்கள், பாதாளச் சாக்கடைக் குழாய்கள், நிலத்தடி நீர் இறைப்பு ஆகியன இத்தகைய வேலைகளுள் முதன்மையானவை. இத்துறை மண் பொறியியல், கட்டமைப்புப் பொறியியல், தொடர்வண்டிப் பொறியியல் ஆகிய மூன்றுக்கும் பொதுவானது.

ஒரு கட்டடம் 20 மில்லிமீட்டர் அமிழ்ந்தால் பெரும்பாலும் எவரும் அதனை உணர்வதில்லை. ஆனால் தொடர்வண்டி ஓடும் தண்டவாளத்தில் குறுகிய நீளத்துக்குள் ஏற்படும் சில மில்லிமீட்டர் வேறுபாடே வண்டியின் வேகத்தைக் குறைக்கவும், சில வேளைகளில் போக்குவரத்தை நிறுத்தவும் போதுமானது. சுரங்கத்தினுள் பயணிகள் வெளியேறும் வழிகள் குறைவு என்பதால், சிறிய பழுதும் பெரிய இடர்ப்பாடாக மாறக்கூடும்.

சுரங்கமும் சூழ்ந்துள்ள மண்ணும்

இயந்திரத்தால் தோண்டப்படும் சுரங்கத்தின் உட்புறம், தொழிற்சாலையில் வார்க்கப்பட்ட கான்கிரீட் துண்டுகளை இணைத்து அமைக்கப்படும் வளையங்களால் ஆனது. இவ்வளையங்கள் தாமாகவே நிற்பவை அல்ல. மேலிருந்தும் பக்கங்களிலிருந்தும் அழுத்தும் மண்ணும் நீருமே வளையத்தை எல்லாத் திசைகளிலும் இறுக்கிப் பிடித்து, அதன் வட்ட வடிவைக் காக்கின்றன. எனவே மண்ணைச் சுரங்கத்தின் மீதுள்ள சுமையாக மட்டும் கருதுதல் தவறு. அது சுரங்கத்தின் தாங்கியும் ஆகும். அருகில் மண் அகற்றப்படும்போது இச்சமநிலை குலைகிறது.

மேலிருந்து தோண்டிப் பெட்டி வடிவில் கட்டி மூடும் முறையில் அமைந்த சுரங்கங்கள் இதிலிருந்து வேறுபடுகின்றன. இவை விறைப்பானவை, ஆனால் நீளவாக்கில் உள்ள இணைப்புகளில் ஏற்படும் ஏற்றத்தாழ்வை எளிதில் தாங்குவதில்லை. கொல்கத்தாவில் 1984 அக்டோபர் 24 அன்று எஸ்பிளனேடு, பவானிப்பூர் நிலையங்களுக்கு இடையே தொடங்கப்பட்ட இந்தியாவின் முதல் நிலத்தடித் தொடர்வண்டித் தடம் பெரும்பகுதி இம்முறையிலேயே கட்டப்பட்டது. சென்னை மெட்ரோவின் நிலையங்களும் பெட்டி வடிவின. நிலையங்களுக்கு இடைப்பட்ட சுரங்கங்களோ வளைய வகையின.

தாக்கத்தின் வகைகள்

பக்கத்தில் தோண்டுதல்

சுரங்கத்தின் ஒரு பக்கத்தில் ஆழமான குழி தோண்டப்படும்போது, அப்பக்கத்து மண்ணின் கிடை அழுத்தம் குறைகிறது. வளையம் குழியை நோக்கி நகர்வதோடு, கிடையாக அகன்று உயரத்தில் குறுகி முட்டை வடிவை அடைகிறது. துண்டுகளுக்கு இடையிலான இணைப்புகள் திறந்து, அவற்றிலுள்ள இரப்பர் அடைப்புகளின் வழியே நீர் கசியத் தொடங்கும். குழியின் ஆழம், தடுப்புச் சுவரின் விறைப்பு, குறுக்குத் தாங்கிகள் எவ்வளவு விரைவில் பொருத்தப்படுகின்றன என்பன நகர்வின் அளவைத் தீர்மானிக்கின்றன. தாங்கி பொருத்தும் முன்னரே அடுத்த அடுக்கைத் தோண்டிவிடுதல் பெரிய நகர்வுகளுக்கு வழக்கமான காரணமாகும்.

மேலே தோண்டுதல்

சுரங்கத்துக்கு நேர் மேலே மண் அகற்றப்பட்டால் சுரங்கம் மேலெழும்பும். நீர்மட்டம் உயர்ந்த இடங்களில் இது மேலும் கடுமையானது. எடுத்துக்காட்டாக, 5.8 மீட்டர் உள்விட்டமும் 27.5 செ.மீ. தடிப்பும் கொண்ட வளையம் ஒன்றின் எடை மீட்டருக்கு ஏறத்தாழ 13 டன் ஆகும். அது முழுவதும் நீர்மட்டத்துக்குக் கீழே இருக்குமாயின், மீட்டருக்கு ஏறத்தாழ 32 டன் நீரை விலக்குகிறது. அதாவது, ஒவ்வொரு மீட்டர் நீளச் சுரங்கமும் ஏறத்தாழ 19 டன் விசையுடன் மிதக்க முயல்கிறது. அதனை அழுத்திப் பிடித்திருப்பது மேலுள்ள மண்ணே. அம்மண்ணை வாகன நிறுத்தத்துக்காகவோ சுரங்க நடைபாதைக்காகவோ அகற்றுவது, மிதக்கும் பொருளின் மேலுள்ள பாரத்தை எடுப்பதற்கு ஒப்பாகும்.

கீழே புதிய சுரங்கம்

சுரங்கம் தோண்டும் இயந்திரம் தன் இறுதி வடிவத்துக்குத் தேவையானதை விடச் சற்றுக் கூடுதலாகவே மண்ணை எடுக்கிறது. இக்கூடுதல் அளவு மண் இழப்பு எனப்படும். மேலுள்ள நிலம் இதனை ஈடு செய்ய அமிழ்ந்து, மணி வடிவிலான பள்ளத்தை உருவாக்குகிறது. இப்பள்ளத்தின் வடிவத்தை அமெரிக்க மண் பொறியியலாளர் இரால்ஃப் பெக் 1969-இல் எளிய கணித வடிவில் விளக்கினார். இன்றும் முதற்கட்ட மதிப்பீட்டுக்கு இம்முறையே பரவலாகப் பயன்படுகிறது.

மேற்கூறிய அளவுள்ள புதிய சுரங்கம், பழைய சுரங்கத்தின் அடிமட்டத்திலிருந்து 12 மீட்டர் கீழே தன் மையம் அமையுமாறு செல்வதாகக் கொள்வோம். மண் இழப்பு 1 விழுக்காடு எனில், களிமண் நிலத்தில் பழைய சுரங்கத்தின் மட்டத்தில் ஏறத்தாழ 21 மில்லிமீட்டர் அமிழ்வு ஏற்படும். மணற்பாங்கான நிலத்தில் பள்ளம் குறுகலாகவும் ஆழமாகவும் அமைவதால், அதே மண் இழப்புக்கு அமிழ்வு ஏறத்தாழ 35 மில்லிமீட்டர் ஆகலாம். இழப்பை அரை விழுக்காடாகக் குறைத்தால் இவ்வளவுகளும் பாதியாகக் குறையும். பழைய சுரங்கத்தின் விறைப்பு இவ்வடிவத்தை ஓரளவு மாற்றும் என்பதால் இவை தோராய அளவுகளே.

நிலத்தடி நீர் இறைப்பு

குழியை உலர்வாக வைத்திருக்க நீர் இறைக்கப்படும்போது, நீர்மட்டம் 1 மீட்டர் குறைந்தால் மண் துகள்களின் மீதான அழுத்தம் ஏறத்தாழ 10 கிலோபாசுக்கல் கூடுகிறது. இதன் விளைவு குழியின் எல்லையோடு நிற்பதில்லை. நூற்றுக்கணக்கான மீட்டர் தொலைவு வரை செல்லக்கூடும். மணலில் அமிழ்வு உடனே நிகழ்கிறது. களிமண்ணில் அது மாதக்கணக்கிலும் ஆண்டுக்கணக்கிலும் தொடரும். நீருடன் நுண்மணலும் வெளியேறுமானால் சுரங்கத்தின் அடியில் வெற்றிடங்கள் உருவாகும். இவை அளவீடுகளில் தென்படாமல் இருந்து, திடீரென வெளிப்படுவன என்பதால் மிகவும் அஞ்சத்தக்கவை.

ஆழ்தூண்களும் துளையிடுதலும்

அறைந்து இறக்கப்படும் தூண்கள் மண்ணைப் பக்கவாட்டில் தள்ளுவதோடு அதிர்வையும் உண்டாக்குகின்றன. துளையிட்டு வார்க்கப்படும் தூண்களில் அதிர்வு குறைவு. ஆயினும் துளை சரியான இடத்தில் அமையாவிடின் நேரடி மோதல் ஏற்படும். 2013 மார்ச் 8 அன்று இலண்டன் ஓல்டு இசுடிரீட் நிலையத்துக்கு வடக்கே, சுரங்கத்தின் கூரையிலிருந்து நீர் கொட்டுவதைப் பயணிகள் வண்டியின் ஓட்டுநர் ஒருவர் கண்டு அறிவித்தார். பயணிகள் இல்லாத வண்டி ஒன்றை மெதுவாகச் செலுத்திப் பார்த்தபோது, மேலே நடந்துகொண்டிருந்த கட்டடப் பணியின் துளையிடும் கருவிகள் சுரங்கத்தைத் துளைத்து உள்ளே நீட்டிக்கொண்டிருந்தன. எவருக்கும் காயம் ஏற்படவில்லை. கட்டடப் பணியாளர்களிடம் இருந்த வரைபடங்களில் அச்சுரங்கம் குறிக்கப்படவே இல்லை என்பது பின்னர் நடந்த விசாரணையில் தெரியவந்தது.

தொடர்வண்டி இயக்கத்தில் விளைவுகள்

* தண்டவாளத்தின் மட்டம், முறுக்கு, வளைவு ஆகியன மாறுதல். இதனால் வேகக் கட்டுப்பாடு விதிக்க நேரிடுதல்.
* சுரங்கச் சுவருக்கும் வண்டிக்கும் இடையிலான இடைவெளி குறைதல்.
* விரிசல்கள், இணைப்புகள் வழியே நீர் கசிதல். அதனால் கம்பிகளும் தண்டவாளப் பிணைப்புகளும் துருப்பிடித்தல்.
* மின்வழங்கல், சமிக்ஞைக் கருவிகள் பழுதடைதல்.
* வளையத் துண்டுகளின் விளிம்புகள் உடைந்து விழுதல்.

மேல்மட்ட இருப்புப்பாதைகளில் சல்லிக்கற்களை இட்டுத் தண்டவாளத்தை மீண்டும் மட்டப்படுத்தலாம். சுரங்கங்களிலோ தண்டவாளம் பெரும்பாலும் கான்கிரீட் தளத்துடன் நேரடியாகப் பிணைக்கப்பட்டிருப்பதால், சிறிய அளவுக்கு மேல் சரிசெய்ய இயலாது. பழுதுபார்க்கும் வேலைகளுக்கு வண்டிகள் ஓடாத நள்ளிரவு நேரம் மட்டுமே கிடைக்கிறது.

அனுமதிக்கப்படும் அளவுகளும் சட்டங்களும்

பல நகரங்களில் சுரங்கத்தின் இருபுறமும் பாதுகாப்பு வலயம் அறிவிக்கப்பட்டுள்ளது. ஹாங்காங்கில் இது பொதுவாக 30 மீட்டரும், சிங்கப்பூரில் 40 மீட்டரும் ஆகும். வலயத்தினுள் வேலை செய்ய விரும்புவோர், தம் வேலையால் சுரங்கம் எவ்வளவு நகரும் என்பதைக் கணக்கிட்டுக் காட்டி முன்அனுமதி பெறவேண்டும். சுரங்கத்தின் மொத்த நகர்வு ஹாங்காங்கில் 20 மில்லிமீட்டருக்கும், சிங்கப்பூரில் 15 மில்லிமீட்டருக்கும் மேற்படலாகாது என வரையறுக்கப்பட்டுள்ளது. மேலே கணக்கிட்ட 21 மில்லிமீட்டர் இவ்விரு எல்லைகளையும் கடந்தது என்பது கருதத்தக்கது.

இவ்வெல்லை ஒவ்வொரு புதிய கட்டடத்துக்கும் தனித்தனியே உரியதன்று. ஒரு சுரங்கத்தின் வாழ்நாளில் அதனருகே பல கட்டடங்கள் எழும். முதலில் வருபவர் முழு அளவையும் பயன்படுத்திவிட்டால் அடுத்து வருபவருக்கு இடமில்லை. ஆகவே தாக்கங்களைக் கூட்டிப் பார்த்து இசைவளிப்பது நிருவாகத்தின் பொறுப்பாகிறது.

இந்தியாவில் 1978-ஆம் ஆண்டின் மெட்ரோ இரயில்வே (கட்டுமானப் பணிகள்) சட்டம், மெட்ரோ தடத்தின் மேலும் அருகிலும் கட்டடம் கட்டுதல், தோண்டுதல் ஆகியவற்றைத் தடுக்கவோ ஒழுங்குபடுத்தவோ வகை செய்கிறது.

கண்காணிப்பு

வேலை தொடங்கும் முன் சுரங்கத்தின் நிலை முழுமையாகப் பதிவு செய்யப்படும். ஏற்கனவே உள்ள விரிசல்களும் கசிவுகளும் ஒளிப்படங்களுடன் குறிக்கப்படுகின்றன. இப்பதிவு இல்லாவிடின், பின்னர் காணப்படும் பழுதுக்கு யார் பொறுப்பு என்பதைத் தீர்க்க வழியில்லை.

அதன்பின் சுரங்கச் சுவர்களில் பட்டகங்கள் பொருத்தப்பட்டு, டோட்டல் ஸ்டேஷன் எனப்படும் தானியங்கி அளவைக் கருவியால் அவற்றின் நிலை தொடர்ந்து அளக்கப்படுகிறது. மண்ணில் சாய்வுமானிகளும் நீரழுத்தமானிகளும் நிறுவப்படுகின்றன. அளவீடுகளுக்கு எச்சரிக்கை நிலை, நடவடிக்கை நிலை, நிறுத்தும் நிலை என மூன்று படிகள் வகுக்கப்படுவது வழக்கம். நிறுத்தும் நிலையை எட்டினால் வேலையை யார் நிறுத்துவது, வண்டிப் போக்குவரத்தை யார் நிறுத்துவது என்பன முன்கூட்டியே எழுத்தில் இருத்தல் வேண்டும். கருவிகள் சரியாக அளந்தும், அளவீட்டைக் கண்டவருக்கு வேலையை நிறுத்தும் அதிகாரம் இல்லையெனில் கண்காணிப்பால் பயனில்லை.

தடுப்பு முறைகள்

* தொலைவு: ஆழ்தூண்களையும் குழியின் எல்லையையும் சுரங்கத்திலிருந்து விலக்கி அமைத்தல். இதுவே எளியதும் நம்பகமானதுமாகும்.
* பகுதி பகுதியாகத் தோண்டுதல்: பெரிய குழியைச் சிறு பகுதிகளாகப் பிரித்து, ஒன்றின் அடித்தளத்தை வார்த்த பின்னரே மற்றொன்றைத் தொடங்குதல்.
* விறைப்பான தடுப்புச் சுவர்: கான்கிரீட் சுவரை முன்னதாகவே நிலத்தில் இறக்கி, மேல்தளங்களைத் தாங்கிகளாகப் பயன்படுத்தி மேலிருந்து கீழாகக் கட்டுதல்.
* மண்ணை உறுதிப்படுத்துதல்: சிமெண்டுக் கூழை உயர் அழுத்தத்தில் செலுத்தி மண்ணை இறுகச் செய்தல்.
* ஈடுசெய் கூழ் செலுத்தல்: அமிழ்வு ஏற்படும் அதே வேளையில், அளவீடுகளைக் கொண்டு கூழைச் செலுத்தி நிலத்தை உயர்த்துதல். 1990களில் இலண்டனின் ஜூபிலி தட நீட்டிப்புப் பணியின்போது பிக் பென் கோபுரம் சாயாமல் காக்க இம்முறை கையாளப்பட்டது.
* இயந்திரக் கட்டுப்பாடு: சுரங்கம் தோண்டும் இயந்திரத்தின் முகப்பு அழுத்தத்தை மண், நீர் அழுத்தங்களுக்கு ஈடாக வைத்திருத்தல், வளையத்துக்கு வெளியே உள்ள இடைவெளியை உடனுக்குடன் கூழால் நிரப்புதல்.

இவற்றை முறையாகக் கையாண்டால் மிகக் குறுகிய இடைவெளியிலும் கடக்க இயலும். இலண்டனின் டாட்டன்ஹாம் கோர்ட் ரோடு நிலையத்தில், கிராஸ்ரெயில் சுரங்கம் இயங்கிக்கொண்டிருந்த நார்தர்ன் தடத்துக்கு 1 மீட்டருக்கும் குறைவான உயரத்தில் தோண்டப்பட்டது.

இந்திய நகரங்களில்

கொல்கத்தா

கொல்கத்தாவின் கிழக்கு-மேற்குத் தடம், ஊக்லி ஆற்றின் அடியில் செல்வது. இது எஸ்பிளனேடு பகுதியில் பழைய வடக்கு-தெற்குத் தடத்துக்குக் கீழாகக் கடக்கிறது. பழைய சுரங்கத்தைக் கடந்தபின், 2019 ஆகத்து 31 அன்று பௌபசார் பகுதியில் சுரங்கம் தோண்டும் இயந்திரம் நீர்தாங்கி மணலடுக்கு ஒன்றைச் சந்தித்தது. நீரும் மண்ணும் சுரங்கத்தினுள் பாய்ந்தன. மேலிருந்த பழைய வீடுகள் சில இடிந்தன, பல வீடுகளில் விரிசல் ஏற்பட்டது, நூற்றுக்கணக்கானோர் வெளியேற்றப்பட்டனர். எஞ்சிய பணியின்போது 2022 மே, அக்டோபர் மாதங்களில் அதே பகுதியில் மீண்டும் கசிவும் விரிசல்களும் ஏற்பட்டன. மிகக் கடினமெனக் கருதப்பட்ட ஆறும் பழைய சுரங்கமும் பாதுகாப்பாகக் கடக்கப்பட்டு, நகரத் தெரு ஒன்றின் அடியில் இடர் நேர்ந்தது, நில ஆய்வின் இன்றியமையாமையைக் காட்டுகிறது. ஹவுரா மைதானம் – எஸ்பிளனேடு பகுதி 2024 மார்ச்சிலும், இடைப்பட்ட எஸ்பிளனேடு – சியால்தா பகுதி 2025 ஆகத்திலும் திறக்கப்பட்டன.

சென்னை

சென்னை மெட்ரோவின் முதல் நிலத்தடிப் பகுதி 2017 மே 14 அன்று திருமங்கலம், நேரு பூங்கா நிலையங்களுக்கு இடையே திறக்கப்பட்டது. அதற்கு முந்தைய மாதம், 2017 ஏப்ரல் 9 அன்று, சுரங்கப்பணி நடந்த அண்ணா சாலையில் நிலம் உள்வாங்கி, மாநகரப் பேருந்து ஒன்றும் மகிழுந்து ஒன்றும் பள்ளத்தில் இறங்கின.

ஏறத்தாழ 119 கி.மீ. நீளமுள்ள இரண்டாம் கட்டத்தில், புதிய தடங்கள் முதற்கட்ட நிலத்தடித் தடங்களைக் கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரி, ஆயிரம் விளக்கு, நந்தனம் ஆகிய இடங்களில் சந்திக்கின்றன. தமிழ்நாட்டில், இயங்கும் நிலத்தடித் தொடர்வண்டி ஒன்றின் அருகே அதே அளவிலான புதிய நிலத்தடிக் கட்டுமானம் நடைபெறுவது இக்கட்டத்தில்தான் முதன்முறையாகும். சென்னையின் நிலம் ஓரிடத்தில் களிமண், மணலாகவும், மற்றோரிடத்தில் பாறையாகவும் அமைந்திருப்பது இப்பணியின் தனிச்சிக்கலாகும்.

திருச்சிராப்பள்ளியும் திருவரங்கமும்

திருச்சிராப்பள்ளியில் நிலத்தடித் தொடர்வண்டித் தடம் எதுவும் இல்லை. விழுப்புரத்திலிருந்து விருத்தாசலம் வழியாக வரும் இருப்புப்பாதை கொள்ளிடத்தையும் காவிரியையும் பாலங்களால் கடக்கிறது. திருவரங்கம், திருச்சிராப்பள்ளி டவுன் நிலையங்கள் நிலமட்டத்திலேயே உள்ளன. எனினும் 2020களில் இந்நகருக்கான பெருந்திரள் விரைவுப் போக்குவரத்து குறித்து ஆய்வுகள் மேற்கொள்ளப்பட்டதால், இங்குள்ள நிலத்தின் இயல்பு கவனத்துக்குரியதாகிறது.

நகரின் நடுவே 83 மீட்டர் உயரமுள்ள மலைக்கோட்டை கடினப் பாறையாக எழுந்து நிற்கிறது. அதற்கு வடக்கே சில கிலோமீட்டர் தொலைவில், காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே, ஆற்று வண்டலாலும் மணலாலும் ஆன தீவாகத் திருவரங்கம் அமைந்துள்ளது. எனவே நகரையும் தீவையும் இணைக்கும் எந்த நிலத்தடி வேலையும் பாறை, பாறையும் மண்ணும் கலந்த பகுதி, நீர் நிறைந்த மணல் ஆகிய மூன்றையும் சிறிது தொலைவுக்குள் எதிர்கொள்ள வேண்டியிருக்கும். பாறையில் வெடி வைப்பதால் அதிர்வும், மணலில் தோண்டுவதால் அமிழ்வும் முதன்மைத் தாக்கங்களாகும். ஒரே வகையான விதிமுறை இரண்டுக்கும் பொருந்தாது.

திருவரங்கத்தில் நிலத்தடி நீர்மட்டம் ஆற்றைச் சார்ந்தது. மேட்டூர் அணை திறக்கப்பட்டு ஆற்றில் நீர் ஓடும் மாதங்களில் அது உயர்ந்தும், கோடையில் தாழ்ந்தும் காணப்படும். இத்தகைய நிலத்திலுள்ள கட்டமைப்பு எதுவும், அருகில் வேலை எதுவும் நடைபெறாத போதும், பருவத்துக்கு ஏற்பச் சிறிது உயர்ந்து தாழும். எனவே அடிப்படை அளவீடுகள் சில வாரங்களுக்கு மட்டும் எடுக்கப்படின், இயற்கையான அசைவையும் வேலையால் நேர்ந்த அசைவையும் பிரித்தறிய இயலாது. குறைந்தது ஓராண்டுச் சுழற்சி முழுவதும் அளத்தல் தேவையாகும்.

நீரால் மணல் அகற்றப்படுவதன் வலிமையை இப்பகுதி 2018-இல் கண்டது. அவ்வாண்டு ஆகத்து மாத வெள்ளத்தில் கொள்ளிடத்தின் பழைய இரும்புப் பாலத்தின் தூண்கள் சாய்ந்து இடிந்தன. அடுத்த சில நாட்களில், ஆகத்து 22 அன்று, முக்கொம்பு மேலணையின் கொள்ளிடப் பகுதியில் 9 மதகுகள் அடித்துச் செல்லப்பட்டன. இவை நிலத்தடிக் கட்டுமானத்தால் நேர்ந்தவை அல்ல. ஆயினும் அடியிலுள்ள மணலின் தாங்குதலை இழந்த கட்டமைப்பு, தன் சொந்த வலிமை எத்தகையதாயினும் நிற்காது என்பதற்கு இவ்வகை இடர்கள் எடுத்துக்காட்டாகும். மணலில் உள்ள சுரங்கத்தின் அருகே கட்டுப்பாடின்றி நீர் இறைக்கும்போது, கண்ணுக்குப் புலப்படாமல் சிறிய அளவில் நிகழ்வதும் இதுவே.

தீவின் மற்றொரு தனித்தன்மை அரங்கநாதசுவாமி கோயிலாகும். ஏழு திருச்சுற்றுகளைக் கொண்ட இக்கோயிலின் வெளிச்சுற்றுகளில் மக்கள் வாழும் தெருக்கள் அமைந்துள்ளன. 13 நிலைகளைக் கொண்ட தெற்கு இராசகோபுரம் 1987-இல் நிறைவு செய்யப்பட்டது. மற்ற கோபுரங்களும் மதில்களும் பல நூற்றாண்டுகள் பழமையானவை. உயரமான கோபுரத்தின் அடியில் ஒரு பக்கம் மட்டும் ஏற்படும் சிறு அமிழ்வு, உச்சியில் பெரிய சாய்வாக வெளிப்படும். ஆதலால் இங்கு தொடர்வண்டிச் சுரங்கத்துக்கு விதிக்கப்படும் மில்லிமீட்டர் அளவிலான எல்லைகள் கோயில் கட்டமைப்புகளுக்கும் தேவைப்படும்.

இப்பகுதியின் நிலத்தடி வேலைகளுள் ஒன்று மாநகராட்சியின் பாதாளச் சாக்கடைப் பணியாகும். பொதுவாக இத்தகைய குழாய்கள் இருப்புப்பாதையைக் கடக்குமிடங்களில், மேலே வெட்டாமல், ஒரு குழியிலிருந்து மறு குழிக்குக் குழாயைத் தள்ளிச் செலுத்தும் முறை கையாளப்படுகிறது. அளவில் சிறிதாயினும், மண் இழப்பு, தண்டவாள அமிழ்வு, கண்காணிப்பு ஆகிய அனைத்தும் இதற்கும் பொருந்தும்.

திட்டமிடலில் இடம்

நிலத்தடியில் முதலில் வந்தது எதுவோ, பின்னர் வருவதன் விலையை அதுவே தீர்மானிக்கிறது. சுரங்கம் முன்னதாக இருப்பின் கட்டடம் கட்டுவோர் கூடுதல் செலவை ஏற்கின்றனர். கட்டடங்களின் ஆழ்தூண்கள் முன்னதாக இருப்பின் சுரங்கம் வளைந்தோ ஆழமாகவோ செல்லவேண்டியிருக்கிறது. இன்னும் சுரங்கம் அமையாத திருச்சிராப்பள்ளி போன்ற நகரங்களில், வரக்கூடிய தடங்களை நகர வரைபடத்தில் முன்கூட்டியே ஒதுக்குதல், அடித்தளங்களின் ஆழத்தையும் இடத்தையும் கட்டட அனுமதியின்போதே பதிவு செய்தல் ஆகியன செலவு குறைந்த பாதுகாப்பு முறைகளாகும். இலண்டன் நிகழ்வில் சுரங்கம் காக்கப்படாமைக்குக் காரணம் பொறியியல் அறிவின் குறை அன்று. அது வரைபடத்தில் இல்லாமையே ஆகும்.

இவற்றையும் பார்க்கவும்

* சென்னை மெட்ரோ
* கொல்கத்தா மெட்ரோ
* மண் பொறியியல்
* சுரங்கம்
* திருச்சிராப்பள்ளி
* திருவரங்கம்
* கொள்ளிடம்